'மீ ஆஸ்கிங்'கா, 'மை ஆஸ்கிங்'கா?

கேள்வி: வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு மெயில் எழுதும்போது 'ஐ ஹோப் யூ டோன்ட் மைண்ட் மீ ஆஸ்கிங்' என்று போட்டேன். அந்தக் காலத்து இலக்கணம் படித்த அப்பா, 'மை ஆஸ்கிங்' என்றுதான் வர வேண்டும் என்கிறார். படங்களில் எல்லாரும் 'மீ' என்றுதானே பேசுகிறார்கள்? (பாபநாசத்திலிருந்து ஒரு வாசகி)

இரண்டும் சரிதான். ஆனால் இந்த மெயிலில் அப்பா சொன்னதையே போடுங்கள். முன்பின் தெரியாத பேராசிரியருக்கு எழுதும்போது 'மை'க்கு ஒரு மரியாதை உண்டு. தோழிக்கு வாட்ஸாப்பில் அனுப்புவதென்றால் 'மீ' போதும். அங்கே 'மை' போட்டால் தாலுகா ஆபீஸ் மனு மாதிரி இருக்கும்.

அப்பாவின் கோபத்துக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. ஃபௌலர் என்ற ஆங்கிலேயர் 1926இல் வெளிவந்த தன் ஆங்கில மொழிவழக்கு அகராதியில் இந்த 'மீ' வகையை வெளுத்து வாங்கினார். டென்மார்க் மொழியறிஞர் யெஸ்பர்சன் மறுத்தார்: நல்ல எழுத்தாளர்களே காலங்காலமாக இப்படி எழுதுகிறார்களே, எப்படித் தப்பாகும்? என் ஓட்டு யெஸ்பர்சனுக்கு.

தஞ்சாவூரில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இரண்டிலும் இல்லை, மூன்றாவதில்: 'ஐ டோன்ட் லைக் ஹி கமிங் லேட்'. இது தமிழிலிருந்து வருகிறது. 'அவன் லேட்டாக வருவது பிடிக்கவில்லை' என்கிறோம். 'வருவது' தொழிற்பெயர்தான், ஆனாலும் அதன் முன்னால் 'அவன்' உருபு எதுவும் ஏற்காமல் எழுவாயாகவே நிற்கிறது. 'வருகை' என்றால் மட்டும் 'அவனுடைய வருகை' என்று ஆறாம் வேற்றுமைக்குப் போகிறோம். ஆங்கில ஜெரண்ட்டுக்கு (வினையோடு 'இங்' சேர்ந்து பெயராக நிற்கும் சொல்லுக்கு) முன்னால் 'ஹிஸ்' வரலாம், 'ஹிம்' வரலாம், 'ஹி' வரவே கூடாது. வாக்கியமே அதில் தொடங்கினால் 'ஹிஸ்'தான் நல்லது: 'ஹிஸ் கமிங் லேட் அப்செட் எவ்ரிஒன்'.

அப்புறம், பார்த்தேன், கேட்டேன் வகை வினைகள். திருவையாறு ஆராதனைப் பந்தலில் ஒருவர் பாடிக்கொண்டிருந்தது காதில் விழுந்தால் 'ஐ ஹேர்ட் ஹிம் சிங்கிங்'. இங்கே 'ஹிஸ்' போடக் கூடாது, ஏனென்றால் 'சிங்கிங்' இங்கே ஜெரண்ட்டே இல்லை. அவர் பாடிக்கொண்டிருந்த நிலையைச் சொல்கிறது. 'ஐ லவ் ஹிஸ் சிங்கிங்' வேறு: அவர் பாட்டே பிடிக்கும் என்று அர்த்தம். வயலில் ஆட்கள் நடவு நடுவதைப் பார்த்தால் 'ஐ சா தெம் பிளான்டிங் பேடி', 'தெயர்' ஒட்டாது.

உயிரில்லாத பொருளுக்கும் நீளமான பெயருக்கும் ஆறாம் வேற்றுமையைத் திணிக்காதீர்கள். மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 நெருங்கும்போது குறுவை நெல் போடுபவர்களின் கவலையை ஆங்கிலத்தில் சொல்வதானால் 'எவ்ரிதிங் டிபெண்ட்ஸ் ஆன் தி டேம் பீயிங் ஓப்பன்ட் ஆன் டைம்' என்றே எழுதலாம். 'தி டேம்ஸ் பீயிங்' என்று எழுதினால் இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் வாயில் நுழையாது.

'ஹெர்' வந்தால் தொல்லையே இல்லை. இரண்டு வேற்றுமைக்கும் அது ஒன்றுதான்.

சரி, வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை என்றால் ஜெரண்ட்டையே தூக்கிவிடுங்கள்: 'ஐ ஹோப் யூ டோன்ட் மைண்ட் இஃப் ஐ ஆஸ்க்'. இதில் அப்பாவும் கை வைக்க முடியாது.