புதைபனியும் பொடிசுகளின் வண்டியும்

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. 120 சிசி சிறுவர் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) ஓட்டுகிறாள். இறுகிய பாதையில் நன்றாகப் போகிறது. ஓர் அடி புதுப்பனி விழுந்தால் மூக்கு புதைந்து, பின்பக்கம் குழி தோண்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. என்ன மாற்றலாம், எதில் தொடங்கலாம்?

பதில்: எஞ்சினைத் தொடாதீர்கள். வண்டி நிற்பது பெரும்பாலும் சக்தி போதாமல் அல்ல, மிதக்கப் பரப்பு போதாமல். இந்த வகை வண்டிகளின் டிராக், அதாவது வண்டியைத் தள்ளும் பல் வைத்த ரப்பர் பட்டை, பொதுவாக 10 அங்குல அகலம், 67 முதல் 68 அங்குலச் சுற்றளவு, பற்கள் முக்கால் அங்குலத்தை ஒட்டி இருக்கும். அந்தப் பல் இறுகிய பனியைக் கவ்வும். பொடிப்பனியைக் கிளறிவிட்டுச் சும்மா சுழலும்.

முதலில் ஸ்கீ, அதாவது முன்னால் பனியில் வழுக்கிப் போகும் இரண்டு பலகைகள். ஸ்கீக்கும் அதைத் தாங்கும் காலுக்கும் இடையே ஒரு ரப்பர் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கீயின் நுனியை மேல்நோக்கி வைத்திருப்பது அதுதான். அது நைந்து போனால் எவ்வளவு அகலமான ஸ்கீ போட்டாலும் நுனி கீழே குத்தும். ரப்பர் சரியாக இருந்தால் அகலப் பிளாஸ்டிக் ஸ்கீ மாட்டலாம். இருக்கும் ஸ்கீயின் மேல் போர்த்துகிற பிளாஸ்டிக் அடித்தகடும் கிடைக்கிறது. தரை தொடும் நீளம் 20 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை அங்குல அகலம் கூடினாலே இரண்டு ஸ்கீக்கும் சேர்த்து 60 சதுர அங்குலம் கிடைக்கிறது. மாட்டியபின் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, முன்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். நுனிகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, அடித்தட்டில் உரசவும் கூடாது. மிக அகலமாகப் போட்டால் எட்டு வயதுக் கைக்கு ஹேண்டில் கனக்கும். அங்கே ஆசையை அடக்குங்கள்.

அடுத்து பின் சஸ்பென்ஷன். முன்பகுதியில் லிமிட்டர் ஸ்ட்ராப் (சஸ்பென்ஷன் எவ்வளவு விரியலாம் என்று கட்டுப்படுத்தும் பட்டை) இருக்கும் வண்டிகளில் அதை ஒரே ஒரு துளை தளர்த்தினால் ஸ்கீ மேலுள்ள பாரம் குறையும். இரண்டு மூன்று துளை தளர்த்தினால் மூக்கு ஏறி, பின்பக்கம் குழி பறிக்கும். உங்கள் குறையில் பாதி அப்படியே திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு துளையாக மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது பல்சக்கர விகிதம். இங்கேதான் பலர் கிளட்சைப் பொசுக்குகிறார்கள். இவ்வண்டிகளில் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். எஞ்சின் வேகம் கூடினால்தான் அதன் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். ஆழப்பனியில் சுமை ஏறினால் எஞ்சின் அந்த வேகத்துக்கு மேலே போக முடியாமல் கட்டைகள் வழுக்கி, டிரம் சூட்டில் நீலம் பூத்துவிடும். கருகல் வாசனை வந்தாலோ, எஞ்சின் இரைந்தும் வண்டி நகராவிட்டாலோ உடனே நிறுத்துங்கள்.

செயினின் பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்குவதே தீர்வு. உதாரணமாக, முன்னால் 10 பல், பின்னால் 36 பல் என்றால் விகிதம் 3.6. பின்னதை 40 ஆக்கினால் 4.0. உச்ச வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், இழுவிசை 11 சதவீதம் கூடும், கிளட்ச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நான்கு பல் கூடினால் செயினில் ஏறத்தாழ இரண்டு கண்ணி கூட்ட வேண்டும். மூன்று பல் கூட்டினால் கணக்கு ஒன்றரைக் கண்ணியில் நிற்கும், செயினின் இறுக்கத்தைச் சரிசெய்யத் திண்டாடுவீர்கள். செயின் மூடிக்குள் புதிய ஸ்பிராக்கெட் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள். மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது கூடவே கூடாது.

டிராக்கை மாற்றுவது கடைசி வேலை. பல் உயரமானதை வாங்கும்முன் டனலின் (டிராக்கை மேலே மூடியிருக்கும் உலோகக் கூடு) உட்புறத்துக்கும் பல்லின் நுனிக்கும் இடையே அரை அங்குலமாவது மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள். டனலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிட்ச், அதாவது டிராக்கில் வரிசையாக உள்ள உலோகக் கிளிப்புகளின் இடைவெளி, பொருந்தாவிட்டால் டிரைவ் சக்கரம் டிராக்கைக் கடித்துத் துப்பும். பத்துக் கிளிப் இடைவெளிகளை ஒட்டுமொத்தமாக அளந்து பத்தால் வகுத்தால் பிட்ச் துல்லியமாக வரும். மாட்டியபின் இருபுறமும் சஸ்பென்ஷன் தண்டவாளத்துக்கும் (டிராக் வழுக்கி ஓடும் சட்டம்) கிளிப்புக்கும் உள்ள இடைவெளி சமமாகும்வரை பின் அச்சின் போல்ட்டுகளைச் சரிசெய்யுங்கள். தொய்வு எவ்வளவு என்பதற்கு வண்டியின் கையேட்டு அளவுதான் அளவு.

கேள்வி: கவர்னரைக் கழற்றிவிட்டால் ஆழப்பனியில் சக்தி கூடும் என்கிறார்களே?

பதில்: கூடாது. கவர்னர் எஞ்சினின் உச்ச வேகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. புதைபனியில் திணறும் எஞ்சின் அந்த உச்சத்தை எட்டுவதே இல்லை; சுமை ஏறும்போது கவர்னர் தானாகவே திராட்டிலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் இறுகிய பாதையில்தான் வேகம் தெரியும். தொழிற்சாலையிலிருந்து மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில் கட்டுப்படுத்தி வரும் வண்டியின் பிரேக், பிடிமானம், கனெக்டிங் ராடு, ஃபிளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரம்) எல்லாம் அந்த அளவுக்கே. வரம்பை மீறிச் சுழலும் ஃபிளைவீல் வெடித்துச் சிதறலாம். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது குழந்தை.

கேள்வி: பொடிப்பனியில் பத்து நிமிடம் ஓடியதும் எஞ்சின் குமுறி அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரா?

பதில்: முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தூவும் பனி உள்ளே போய், நனைந்து, உறைந்து காற்றை அடைத்திருக்கும். காற்று போகும், பனித்தூள் நிற்கும் வலைத்துணி உறையை ஃபில்டருக்கு மேல் போடுங்கள். முன்மூடித் துவாரங்களை டேப் ஒட்டி அடைப்பது தவறு; காற்றால் குளிரும் எஞ்சின் சூடேறிவிடும். கடுங்குளிர்க் காற்று அடர்த்தி கூடியது, அதனால் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து கலவை மெலியும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் திராட்டிலை அழுத்தும்போது திணறினால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) ஓர் அளவு பெரிதாக்கலாம். உயர்ந்த மலைப்பகுதி என்றால் கணக்கு தலைகீழ்: காற்று மெலிது, ஜெட் சிறியது.

கேள்வி: மகன் முழங்கால் ஆழப்பனியில் ஓட்ட ஆசைப்படுகிறான். இதே வண்டியை அதற்குத் தயார்செய்ய முடியுமா?

பதில்: வேண்டாம். அடித்தட்டு பனியில் இழுபடத் தொடங்கினால் அதற்கு மேல் எந்த ஸ்கீயும் உதவாது. யமஹா ஸ்னோஸ்கூட், ஆர்க்டிக் கேட் இசட்ஆர் 200 போன்றவற்றில் 93 அங்குல டிராக், 1 அங்குலப் பல். கூடுதல் நீளமான 25 அங்குலத்தில் ஏறக்குறையப் பாதி தரையில் படியும் என்பதால், 10 அங்குல அகலத்துக்கு 125 சதுர அங்குலம் கூடுகிறது. 120-ஐ வெட்டி ஒட்டி அங்கே கொண்டுபோகும் செலவும் வேலையும் தாங்காது. டனலை நீட்டினால் பின் மட்கார்டும் நீள வேண்டும். இல்லையென்றால் டிராக் எறிவது பின்னால் வருபவர் முகத்தில்.

சிக்கிக்கொண்டால் திராட்டிலை அழுத்தக்கூடாது என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். அவசர நிறுத்தக் கயிறு அவன் உடையில் மாட்டியிருக்க வேண்டும், வண்டியில் தொங்கக்கூடாது. எஞ்சினை அணைத்து, முன்னால் இரண்டு வண்டி நீளத்துக்குப் பனியை மிதித்து இறுக்கி, பின்பக்கத்தைத் தூக்கி அதன்மேல் வையுங்கள். ஓட்டி முடித்ததும் டிராக்குக்குள் சேர்ந்த பனியைத் தட்டிவிடுங்கள். இரவில் அது உறைந்தால் மறுநாள் காலை திராட்டிலை முதலில் அழுத்தும்போதே கிளட்ச் கருகும்.