மேப் போடுற படிப்பில் கோடிங் எதற்கு?

அம்மா, வணக்கம்.

எம்.எஸ்சி. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (கம்ப்யூட்டரில் நிலத் தரவையும் மேப்பையும் கையாளும் படிப்பு) சேர்ந்த மகள், "கோடிங் வரவே இல்லை, நின்னுடறேன்" என்று அழுவதாக எழுதியிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். பி.எஸ்சி. புவியியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் இந்தப் பயம் வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

ஓரிடத்தில் மண் எடுத்துச் சோதிக்கிறோம், கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில். நடுவில் சோதிக்காத நிலத்தில் என்ன இருக்கும் என்று கணிப்பதுதான் இன்டர்போலேஷன். நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எண் போட்டால் ராஸ்டர்.

ஒரு கட்டத்திலிருந்து 100 மீட்டரில் மண்ணில் துத்தநாகம் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு), 200 மீட்டரில் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் இரட்டித்தால் செல்வாக்கு நாலில் ஒன்றாகும். அதனால் கிட்டத்துப் புள்ளிக்கு 4 பங்கு, எட்டத்துக்கு 1 பங்கு. 800-உம் 600-உம் கூட்டி ஐந்தால் வகுத்தால் 280. இதுதான் ஐடிடபிள்யூ, அதாவது தூரம் கூடக்கூடப் பங்கைக் குறைத்துச் சராசரி எடுக்கும் முறை. டொனால்ட் ஷெப்பர்ட் 1968-இல் வெளியிட்டது. இதையே எல்லாக் கட்டங்களுக்கும் போடத்தான் கோடிங். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருபது வரி இருந்தால் தாராளம்.

இனி வருவதை மகளிடம் காட்டுங்கள்.

ஆர் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் மொழியின் எஸ்பி (sp) பேக்கேஜில் 'மியூஸ்' என்ற தரவு இருக்கிறது, அம்மாடி. நெதர்லாந்தில் ஸ்டைன் ஊருக்குப் பக்கத்தில், மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 155 இடங்களில் எடுத்த மண். துத்தநாகம் 113 முதல் 1,839 பிபிஎம் வரை. 40 மீட்டர் கட்டங்களும் கூடவே கிடைக்கும். ரெடிமேட் ஃபங்ஷனைத் தொடாமல் நீயே லூப் எழுது. ஆற்றங்கரையை ஒட்டித் துத்தநாகம் ஏறுவது தெரியும். வெள்ளம் கொண்டுவந்து படியவிட்டது அது. ஆனால் சில புள்ளிகளைச் சுற்றி வட்டத் திட்டுகளும் விழும். அவை மண்ணில் இல்லை, உன் சூத்திரத்தில் இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் வேலைக்குத் தேடுகிறார்கள்.

அப்புறம் ஒரு புள்ளியை மறைத்து, மற்ற 154-ஐ வைத்துக் கணித்துப் பார். இப்படியே 155 தடவை. கணிப்பு எவ்வளவு தவறுகிறது என்று ஒரு எண் கிடைக்கும். கலர் மேப்போடு இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் ஏராளம், அந்த எண்ணோடு வருகிறவர்கள் குறைவு. கிரிகிங் என்ற இன்னொரு இன்டர்போலேஷன் முறையை இதற்குப் பிறகு தொடு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் தொடங்கியது, பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் கணிதமாக்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் கணிப்பு எவ்வளவு நம்பலாம் என்பதையும் அது சொல்லும்.

அம்மா, இதற்காகத் தனி கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். ஆர், பைத்தான், மேப் போடும் மென்பொருளான க்யூஜிஐஎஸ் எல்லாமே இலவசம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐஐஆர்எஸ்) நடத்தும் இலவச ஆன்லைன் வகுப்புகளும் உண்டு. கேட் (GATE) தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸுக்குத் தனித் தாள் இருக்கிறது. அதை அடுத்த வருடம் யோசிக்கலாம். இந்த லீவில் அந்த இருபது வரி மட்டும் போதும். முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.