பூவை விடுங்க, லைட்டை பிடிங்க

கேள்வி: அக்கா, எனக்கு குளிர்காலத்துல சாயங்காலம் கல்யாணம். ஹால், துணிமணி, சாப்பாடுன்னு எல்லாம் போக டெகரேஷனுக்கு ரொம்ப கொஞ்சமாதான் மிச்சம் இருக்கு, டெகரேட்டர் கொடுத்த கணக்குல முக்கால்வாசி பூவுக்கே போயிடுது. நாங்களே பண்ணிக்கலாமான்னு யோசிக்கிறோம், ஆனா ஹால் வெறிச்சோடி தெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: தாராளமா பண்ணலாம்மா, பயப்படவே வேண்டாம். குளிர்ல பூக்காத பூவெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள்ள சூடு வச்சு வளர்த்தோ இல்ல வேற ஊர்லேர்ந்து ஃப்ளைட்ல வந்தோதான் கடைக்கு வரும், அதான் அந்த விலை. அதுக்குப் பதிலா குளிர்காலம் சும்மாவே கொடுக்கிற ஒண்ணு இருக்கு, இருட்டு. சீக்கிரமே இருட்டிடும், அதனால மேல எரியற பெரிய லைட்டை எல்லாம் குறைச்சிட்டு சீரியல் லைட்டும் மெழுகுவத்தியும் வச்சாலே போதும், சுவர்ல பெயின்ட் உரிஞ்சிருக்கிறது, பழைய நாற்காலி, எதுவும் யார் கண்ணுலயும் படாது. சீரியல் லைட் வாங்கும்போது வார்ம் ஒயிட்னு பார்த்து வாங்குங்க, டப்பால 2700கே-ன்னு போட்டிருக்கும். நீலம் அடிக்கிற வெள்ளை லைட் வேண்டவே வேண்டாம், குளிர்ல அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், போட்டோல முகமெல்லாம் வெளிறிப் போயிடும்.

ஹால் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா தூவாதீங்க. உள்ள நுழையற வாசல், நீங்க நிக்கற மேடை, சாப்பாட்டு மேஜை, இந்த மூணுலயே எல்லாத்தையும் போடுங்க. மேடைக்குப் பின்னாடி இலை உதிர்ந்த காஞ்ச கிளைங்களை உயரமான ஜாடில நிறைய சொருகி, அதுல சீரியல் லைட்டைச் சுத்திப் பாருங்க, அவ்ளோ அழகு. மேஜைல முகம் பார்க்கிற கண்ணாடில ஒரு சின்னத் துண்டு மேல மெழுகுவத்தி வச்சா வெளிச்சம் ரெண்டு மடங்காத் தெரியும்.

பைன் கோன், அதான் பைன் மரத்துக் காய், கீழ விழுந்து கிடக்கிறது கிடைச்சா பொறுக்கிட்டு வாங்க. ஈரமா இருக்கும்போது இறுக்கமா மூடிட்டு இருக்கும், அதைப் பார்த்து வீணான காய்னு தூக்கிப் போட்டுடாதீங்க, காஞ்சா செதில் செதிலா விரியும். ஓவன்ல 100 டிகிரிக்கு மேல போகாம அரை மணி நேரம் வச்சா உள்ள இருக்கிற பூச்சியும் போயிடும், வீடே பிசின் வாசனையா இருக்கும், ஆனா பக்கத்துலயே நில்லுங்க, பிசின் இருக்கிறதால தீப்பிடிக்கும். அப்புறம் செதில் நுனில மட்டும் பிரஷ்ஷால லேசா வெள்ளை பெயின்ட் தொட்டு வைங்க, பனி உட்கார்ந்த மாதிரியே இருக்கும். கிளிட்டர் ஸ்ப்ரே எனக்குப் பிடிக்காது, நல்லா இருக்கிற பொருளை மலிவாக் காட்டிடும்.

பூவே இல்லாம மனசு கேக்காதுன்னா கார்னேஷன், சாமந்தி வாங்குங்க, ரெண்டும் ஜாடில ஒரு வாரத்துக்கு மேல நிக்கும், முந்தின நாளே செஞ்சு வச்சிடலாம்.

முக்கியமா, நெருப்பு வைக்கலாமான்னு ஹால்காரங்ககிட்ட முதல்லயே கேட்டுடுங்க. விடலைன்னா பேட்டரி மெழுகுவத்தி. விட்டாலும் உயரமான கண்ணாடிக்குள்ளதான் வைக்கணும், காஞ்ச கிளை, பைன் இலை எதுவும் கிட்டக்க வரக்கூடாது.

கேள்வி: வாசலுக்கு வெளிய ஒரு பூ ஆர்ச் வைக்கலாமா அக்கா?

பதில்: உறைபனி விழற இடம்னா வேண்டாம்மா. இதழுக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு, கொஞ்ச நேரத்துல பழுப்பாகித் தொங்கிடும். வெளிய பைன் கிளை, ஐவி கொடி, துணி ரிப்பன் மட்டும் கட்டுங்க. பேட்டரி லைட் போட்டா ஒரு செட் பேட்டரி எக்ஸ்ட்ரா எடுத்து வைங்க, சாதா பேட்டரி குளிர்ல சீக்கிரம் இறங்கிடும், அந்த எக்ஸ்ட்ரா செட்டை யாராவது ஒருத்தர் குளிர் படாம கோட் பாக்கெட்ல போட்டு வச்சிருக்கட்டும்.