மரபணுவில் பிழை இல்லாவிட்டாலும் ஆர்.என்.ஏ. மார்பகப் புற்றுநோயை வளர்க்குமா?

மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் மூலக்கூறான ஆர்.என்.ஏ. தனித்து நின்று நோயை உண்டாக்குகிறது என்பதைவிட, மரபணுப் பிழைகளோடு சேர்ந்து நோயை முன்னெடுத்துச் செல்கிறது என்பதே பொருத்தமான பதில். ஆனால் அதன் பங்கு சிறியதன்று.

மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.1 மரபணு பழுதானால் அதன் புரதமே குறைபட்டுப்போகிறது. ஆர்.என்.ஏ. வழிக் கட்டுப்பாட்டிலோ மரபணுவின் எழுத்துகள் அப்படியே இருக்க, புரதத்தின் அளவு மட்டும் கூடுகிறது அல்லது குறைகிறது. மூலக்கூறு உயிரியல் பாடத்தில் மாணவர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது இந்த வேறுபாட்டைத்தான். சுமார் 22 நியூக்ளியோடைடு, அதாவது 22 எழுத்து, நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., புரதம் செய்வதற்கான குறிப்பை ஏந்திவரும் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைத் தடுக்கிறது. பொருத்தம் பார்க்கும் பகுதி ஏழெட்டு எழுத்துகளே என்பதால், ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல மரபணுக்களை அடக்கிவிடும். 1993-இல் ஒரு சிறு புழுவில் கண்டறியப்பட்ட இந்த வழிமுறைக்காகவே விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள்.

மார்பகக் கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 மிகுந்து காணப்படுகிறது. செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பி-டென் புரதத்தை அது குறைத்துவிடுகிறது. என்னை அதிகம் சிந்திக்கவைத்தது மைக்ரோ ஆர்.என்.ஏ. 10பி பற்றி 2007-இல் வெளிவந்த ஆய்வு. ட்விஸ்ட் என்னும் புரதம் இதைத் தூண்டுகிறது. இது ஹாக்ஸ் டி10 புரதத்தை அடக்குகிறது. அந்தப் புரதம் அதுவரை அடக்கிவைத்திருந்த, செல்லை நகரவைக்கும் ரோ-சி புரதம் தலைதூக்க, செல் இடம்பெயரத் தொடங்குகிறது. பரவும் இயல்பற்ற மார்பகப் புற்றுச் செல்களில் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்றை மட்டும் கூட்டி எலிகளுக்குள் செலுத்தியபோது, அவை நுரையீரல் வரை சென்று சேர்ந்தன. கட்டி இருந்த இடத்திலேயே இருப்பதற்கும் உடலெங்கும் பரவுவதற்கும் இடையிலான தொலைவு இவ்வளவு குறைவா என்று அன்று மனம் கலங்கியது.

புரதமாக மாறாத நீண்ட ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. சுமார் 2,200 எழுத்துகள் கொண்ட ஹாட்டேர், மரபணுக்களின் வாயை அடைக்கும் பி.ஆர்.சி.2 புரதத் தொகுதியை வேறு இடங்களுக்குத் திருப்பிவிடுகிறது. ஹாட்டேர் மிகுந்த கட்டிகள் பின்னாளில் பரவும் வாய்ப்பு அதிகம் என்று 2010-இல் தெரியவந்தது.

ஆர்.என்.ஏ. அனைத்தும் நோயின் பக்கம் நிற்பவை அல்ல. மைக்ரோ ஆர்.என்.ஏ. 200 குடும்பம், செல்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் ஈ-கேடெரின் புரதம் குறையாமல் காக்கிறது. மாலட்1 என்னும் நீண்ட ஆர்.என்.ஏ. விஷயத்திலோ, அதைக் குறைத்தால் நோய் பரவுவது தணிகிறது என்று ஓர் எலி ஆய்வும், நீக்கினால் கூடுகிறது என்று இன்னோர் எலி ஆய்வும் சொல்கின்றன. ஆகவே அதற்கு ‘புற்றுநோய் ஆர்.என்.ஏ.’ என்று பெயர் சூட்ட நான் தயங்குகிறேன்.