இரவுக் காட்சியில் முகமே தெரியவில்லை, வசனமும் புரியவில்லை: படத்தின் குறையா, தியேட்டரின் குறையா?

நீங்கள் உங்கள் ஊரில் பார்த்த படத்தை நண்பர் வேறு ஊரில் பார்த்திருக்கிறார். உங்களுக்கு இருட்டாகத் தெரிந்த ஒளிப்பதிவை அவர் புகழ்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். "கேமரா சுமார்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த வரியை எழுதும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

டிஐ அறையில் (படப்பிடிப்பு முடிந்தபின் கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்யும் இடம்) ஒரு படத்துக்கு வண்ணமும் வெளிச்சமும் தீர்மானிக்கும்போது, படமில்லாமல் வெறும் வெள்ளையைக் காட்டினால் திரையின் நடுவில் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட், இன்னொரு அலகில் சொன்னால் 48 நிட், இருக்க வேண்டும் என்பது கணக்கு. டிஜிட்டல் சினிமாவுக்கான பொது வரையறையான டிசிஐ விதியும் அதுதான். அந்த அளவில் இரவுக் காட்சியின் நிழல் பகுதி அரை நிட்டுக்கும் கீழே இருக்கும். உங்கள் தியேட்டரில் வெள்ளையே 20 நிட்தான் வருகிறது என்றால் அந்த நிழலுக்கு என்ன மிஞ்சும்? அதன் மேல் எக்ஸிட் போர்டின் வெளிச்சமும் படிக்கட்டு எல்இடியும் திரையில் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், முகம் அதற்குள் கரைந்துவிடும். பகல் காட்சியில் இந்தக் குறை கண்ணுக்குத் தட்டாது. அதனால்தான் "மற்ற காட்சியெல்லாம் நன்றாகத்தானே இருந்தது" என்று பழி ஒளிப்பதிவாளர் மேல் போகிறது.

வெளிச்சம் ஏன் குறைகிறது? முதல் காரணம் புரொஜெக்டருக்குள் எரியும் செனான் லேம்ப். வாட் கூடக் கூட அதன் ஆயுள் குறையும். சிறிய லேம்ப் 2,000 மணி நேரத்தைத் தாண்டி ஓடும். பெரிய திரைக்குப் போடும் 6,000 வாட் லேம்பைச் சில நூறு மணி நேரத்தில் மாற்ற வேண்டிவரும். நாளுக்கு நாலு ஷோ என்றால் இரண்டு மாதம் வருவதே கஷ்டம். லேம்ப் பழையதாக ஆக வெளிச்சம் இறங்கும், அதற்கேற்பக் கரண்டை ஏற்றிக்கொண்டே வர வேண்டும். சில இடங்களில் லேம்ப் நீண்ட நாள் வரட்டும் என்று கரண்டைக் குறைத்தே வைப்பார்கள். குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போனால் லேம்புக்குள் எரியும் ஆர்க் (மின்பொறி) நிலையாக நிற்காது, படம் லேசாகத் துடிக்கும். மிச்சம் பிடிக்க நினைத்த லேம்ப்தான் அதில் கெடும். லேசர் புரொஜெக்டருக்கு இந்தத் தொல்லை குறைவு, 20,000 மணி நேரத்துக்கு மேல் கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் அதுவும் மெல்ல மெல்ல மங்கும்.

அடுத்தது புரொஜெக்டரின் ஒளி வெளியே வரும் ஆபரேட்டர் ரூம் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீத வெளிச்சம் அங்கேயே திரும்பிவிடும், தூசி தனிக் கணக்கு. மூன்றாவது, 3டி ஃபில்டர். 3டி ஷோ முடிந்ததும் லென்ஸ் முன்னாலிருந்து அதை எடுக்காமல் 2டி படத்தை ஓட்டினால் வெளிச்சத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். 2011-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத் திரையரங்குகளில் இப்படி 3டி லென்ஸை மாட்டியபடியே 2டி படங்கள் ஓட்டியது செய்தியாகவே வந்தது.

நீங்களே சோதிக்கலாம். விளம்பரம் ஓடும்போது வெள்ளைப் பின்னணி வரும் இடத்தில் திரையின் நடுவையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலைகள் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. நடுவில் பளீரென்று ஒரு வட்டம் தெரிந்தால் அது 3டிக்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீன். நாலு சீட் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், அந்த வட்டமும் உங்களோடு நகரும். அப்படிப்பட்ட திரையில் ஓரத்து சீட்டில் உட்கார்ந்து ஒளிப்பதிவைப் பற்றிப் பேசவே கூடாது. டைட்டில் எழுத்தின் விளிம்பில் சிவப்போ பச்சையோ கசிந்தால் புரொஜெக்டருக்குள் சிவப்பு, பச்சை, நீலப் படங்களைத் தனித்தனியாகத் தரும் மூன்று சிப்பும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஆட்களின் தலை வெட்டுப்பட்டால் உயரம் கூடிய ஃபிளாட் வடிவப் படத்தை (1998×1080 புள்ளிகள்) அகலமான ஸ்கோப் வடிவ (2048×858) செட்டிங்கில் ஓட்டுகிறார்கள். இது ஒரு பட்டன் வேலை, சொன்னால் அரை நிமிடத்தில் சரியாகும்.

வசனத்துக்கு வருவோம். தியேட்டர் சவுண்ட் பிராசஸரில் ஒலியை ஏற்றி இறக்குவது ஃபேடர். அது 7-ல் இருந்தால், படத்தின் ஒலிகளைக் கலந்து மிக்ஸிங் செய்தபோது கேட்ட அதே அளவு. 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் சுமார் 3.3 டெசிபல். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிப்பதால் யாராவது புகார் சொல்வார்கள், ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார், படம் தொடங்கியதும் ஏற்ற மறந்துவிடுவார். படம் முழுக்க கிட்டத்தட்ட 7 டெசிபல் குறைவாக ஓடும். சண்டைக்காட்சி அப்போதும் சத்தமாகத்தான் இருக்கும், கிசுகிசுப்பாகப் பேசும் வசனம்தான் ஏசி இரைச்சலில் மூழ்கும்.

ஒலி அளவு போதுமானதாக இருந்தும் புரியவில்லை என்றால் ச, ஸ, ஷ வரும் சொற்களைக் கவனியுங்கள். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அதில் கீச்சென்ற உயர் ஒலிகளைத் தரும் ஹை டிரைவர் போயிருந்தால் இந்த எழுத்துகள் மழுங்கிவிடும், இரு பக்கமும் வரும் இசை மட்டும் துல்லியமாக இருக்கும். திரைக்குப் பெயின்ட் அடித்து, ஒலி வெளியே வரும் அதன் நுண்ணிய ஓட்டைகள் அடைபட்டிருந்தாலும் இப்படி மந்தமாகும், ஆனால் அப்போது முன்பக்க இசையும் சேர்ந்தே மழுங்கும்.

தியேட்டர் முதலாளிகளை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகச் சிலர் கிளம்புவார்கள். லேம்ப் விலையும் கரண்ட் பில்லும் தெரிந்துதான் எழுதுகிறேன். கண்ணாடி துடைக்கவும் ஃபேடரை ஏற்றவும் காசு தேவையில்லை. படக்குழுவுக்கு வக்காலத்து வாங்குவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரெய்லரும் படத்தின் மற்ற இரவுக் காட்சிகளும் தெளிவாக இருந்து, வெள்ளை எழுத்து வெள்ளையாகவே தெரிந்து, அந்த ஒரு காட்சியில் மட்டும் முகம் காணவில்லை என்றால் அது டிஐயில் எடுத்த முடிவு, தாராளமாக விமர்சியுங்கள். வீட்டில் ஓடிடியில் தெளிவாகத் தெரிந்ததை மட்டும் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். டிவிக்கு வண்ணமும் ஒலியும் பல சமயம் தனியாகச் செய்கிறார்கள், டிவியின் வெளிச்சமும் திரையைவிடப் பல மடங்கு அதிகம்.

புகார் சொல்வதென்றால் முதல் பத்து நிமிடத்தில் எழுந்து போய்ச் சொல்லுங்கள். "சவுண்ட் சரியில்லை" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "ஃபேடர் எத்தனையில் இருக்கிறது, 3டி ஃபில்டர் எடுத்தாச்சா?" என்று கேட்டால் யாராவது கேபினுக்குப் போவார்கள்.

இதோடு சேர்ந்த விஷயம் இல்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இடைவேளையே இல்லாமல் எழுதிய வெளிநாட்டுப் படத்தை ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டி பாப்கார்ன் விற்கிறார்கள். கடைசி ஷாட் முடியும் முன்பே கதவைத் திறந்து, எண்ட் டைட்டிலின் மேல் லைட்டைப் போடுகிறார்கள். கேமராவின் ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் ஃபோகஸ் புல்லர், ஒலிக்கலவை உதவியாளர் பெயரெல்லாம் அங்கேதான் வருகிறது. இரண்டு வருடம் உழைத்தவரின் பெயருக்கு மூன்று நிமிட இருட்டைக் கொடுக்க முடியாதா? படத்தை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வரில் லைட் போடும் நேரத்தைத் தள்ளி வைத்தால் போதும், வேறு வேலையே இல்லை.

நண்பரிடம் எந்த ஸ்கிரீன், லேசரா லேம்பா, எந்த வரிசை என்று கேளுங்கள். அதே படத்தை மறுபடி பார்ப்பதாக இருந்தால் நடுவில், திரையிலிருந்து பின்சுவர் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளி சீட் எடுங்கள். ஒலியை அளந்து சரிசெய்வது அந்த இடத்தை வைத்துத்தான். அதன் பிறகு எழுதும் கருத்தில் தியேட்டர் பெயரையும் ஸ்கிரீன் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.