அமெரிக்காவைப் போல நூலகக் கணினிகளில் பேஸ்புக், இன்ஸ்டாகிராமைத் தடுக்க வேண்டும் என்று நமக்கும் சட்டம் இருக்கிறதா?

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலை (ஊர் நூலகம்) என்கிறீர்கள், இரண்டு கணினி, பள்ளிப் பிள்ளைகளும் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்களும் வருகிறார்கள். அமெரிக்காவில் சட்டமே இருப்பதாகக் கமிட்டியில் சொன்னவர் பாதிச் செய்தியைப் படித்திருக்கிறார்.

மசோதா வந்தது உண்மை. 2006-இல் கீழவை உறுப்பினர் மைக் ஃபிட்ஸ்பாட்ரிக் கொண்டுவந்தார். கீழவையில் 410-க்கு 15 என்று நிறைவேறி, செனட்டைத் தாண்டாமல் செத்துப்போனது. நடப்பில் இருப்பது 2000-இல் வந்த 'சிப்பா' (குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம்). சலுகைக் கட்டணத்தில் இணைப்பு வாங்கும் பள்ளிகளும் நூலகங்களும் ஆபாசப் படங்களைத் தடுக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். பெரியவர்கள் கேட்டால் வடிகட்டியை எடுத்துவிடலாம். 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோது இந்த வசதியும் ஒரு முக்கியக் காரணம். பேஸ்புக் போன்ற தளங்களை ஒட்டுமொத்தமாகத் தீங்கானவை என்று கொள்ள முடியாது என்று 2011-இல் அவர்களுடைய தொலைத்தொடர்பு ஆணையமே சொல்லிவிட்டது.

நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் தளங்களை முடக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு; உங்களுக்கு அதில் வேலை இல்லை. விடுதி மாணவிகளுக்குச் செல்போனைத் தடுத்த வழக்கில் 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், இணையம் கிடைப்பது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அது விடுதி வழக்கு, வாயனசாலை வழக்கல்ல. ஆனாலும் எல்லாருக்கும் மொத்தமாக அடைக்கும் முன் அதை ஒருமுறை படியுங்கள்.

'குழந்தைப் பாதுகாப்புக்கு எதிரியா' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: இல்லை. ஒரு கணினியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி அதில் மட்டும் தடுங்கள் என்கிறேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான ரூட்டரில் தடுப்பை வைத்தால் டெலிகிராம் குழுவில் வினாத்தாள் இறக்குபவரும் மாட்டுவார்.

தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்வது டி.என்.எஸ். அந்தக் கணினியின் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றுங்கள். ஆபாசத் தளங்கள் நிற்கும், பேஸ்புக் நிற்காது. ஐ.பி.வி.6 என்ற புதிய வகை இணைய முகவரி முறையை அப்படியே விட்டால் பழைய டி.என்.எஸ். அந்த வழியாக உள்ளே வரும், அதை அணைத்துவிடுங்கள். பேஸ்புக்குக்கு, தளப் பெயர்களைக் கணினியிலேயே எழுதித் தடுக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு போதும், ஆனால் அது முன்னொட்டுகளை ஊகிக்காது: வெறும் பெயர், மூன்று டபிள்யூ போட்டது, மொபைல் முகவரி என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுத வேண்டும். பிறகு உலாவி அமைப்பில் 'பாதுகாப்பான டி.என்.எஸ்.' என்பதை அணைத்துப் பூட்டுங்கள்; அது இருந்தால் உலாவி நீங்கள் வைத்த டி.என்.எஸ்.ஸைத் தாண்டிப் போகலாம். பலர் இதை விட்டுவிட்டு 'வடிகட்டி வேலை செய்யவில்லை' என்கிறார்கள். பிள்ளைகளின் கணக்குக்கு நிர்வாகி உரிமை கூடாது. இருந்தால் எட்டாம் வகுப்புப் பையன் ஒரு மதியத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவான்.

யூடியூபை மட்டும் அடைக்காதீர்கள், கேரள அரசின் கல்விச் சானலான விக்டர்ஸின் வகுப்புகள் அங்கேதான் கிடக்கின்றன. வகைவாரியாகத் தடுக்கும் கட்டணச் சேவை வாங்கினால் 'வகைப்படுத்தாதவை' என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள். சின்னத் தமிழ்த் தளங்கள் நிறைய அந்தப் பெட்டியில்தான் விழுகின்றன. பையன் சட்டைப்பையில் இருக்கும் மொபைல் டேட்டாவுக்கு இது எதுவும் பொருந்தாது. திரையை நூலகர் மேசைப் பக்கம் திருப்பி வைப்பது இவை எல்லாவற்றையும்விட வேலை செய்யும், செலவும் இல்லை.

விதியைப் பொதுக்குழுவில் தீர்மானமாக்கி, தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டுங்கள். சொல்லக் காரணம் உண்டு. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினால் தமிழில் பதில் வர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியும் தமிழ் மீடியம் பள்ளிக்குச் சுற்றறிக்கை மலையாளத்தில் வரும், தலைமையாசிரியர் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்வார். இன்ஸ்டாகிராம் பற்றிக் கூடும் கமிட்டி இதற்கும் ஒருநாள் கூடலாம்.