‘முடிந்ததைச் செய்’ என்றால் போதாதா? பெரிய இலக்கு எதற்கு?

பெரிய இலக்கு என்பது இன்றைய திறனுக்குக் கொஞ்சம் மேலே இருப்பது, அளந்து பார்க்கக்கூடியது. ‘நன்றாகப் படிப்பேன்’ என்பது ஆசை. ‘எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்துக்கு ஏ எடுப்பேன், அதற்குத் தினமும் பத்துக் கணக்கு’ என்பது இலக்கு.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968இலேயே இதைப் பற்றி எழுதினார். ‘முடிந்ததைச் செய்’ என்பதைவிட, குறிப்பான, கடினமான இலக்கே நம்மை அதிகம் உழைக்க வைக்கிறது. காரணம் எளிது. ‘முடிந்தது’ என்பதற்கு எல்லைக்கோடு கிடையாது. களைத்த இடமே முடிவாகிவிடும்.

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 513 படிகள். ‘முடிந்தவரை ஏறலாம்’ என்று கிளம்பியவர், மூச்சு வாங்கும் முதல் இடத்திலேயே திரும்பிவிடுவார். ‘சன்னிதி வரை’ என்று கிளம்பியவர் அதே இடத்தில் நின்று, தண்ணீர் குடித்து, மீதிப் படிகளை எண்ணுவார். இருவருக்கும் ஒரே வலிதான். ஆனால் ஒருவருக்கு அது முடிவு, மற்றவருக்குப் பாதிவழி.

பினாங்கில் வளர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் 8 முறை உலகச் சாம்பியன். 2006 முதல் 2015 வரை உலகத் தரவரிசையில் தொடர்ந்து முதலிடம். உச்சிக்குப் போனதைவிட அங்கேயே நிலைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்னால் துரத்த யாருமில்லாதபோது, நேற்றைய நம் ஆட்டம்தானே அளவுகோல்!

அப்புறம், இலக்கு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, நீச்சலே தெரியாதவருக்கு ‘ஒரு நிமிடத்தில் 50 மீட்டர்’ என்பதைவிட ‘இந்த வாரம் மூச்சு விடும் முறையைக் கற்பேன்’ என்பதே பொருத்தமான இலக்கு.